நான் போட்ட பூட்டு

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 37 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அங்கே ரிலே ரூம் என்று ஒன்று உண்டு. அதன் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றொன்று சிக்னல் மெயின்டெய்னரிடம். ஒருவர் மட்டும் போய்த் திறக்க முடியாது. திறந்தால் ரிஜிஸ்டரில் தேதி, நேரம், காரணம், கையெழுத்து. இந்தப் பழக்கத்திலேயே ஊறிய நான், நம் சங்கத்து நூலகக் கம்ப்யூட்டரை ஒரே ராத்திரியில் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டு, பூட்டியது நான்தான் என்பதே தெரியாமல் ஒரு பிள்ளைமேல் பழியையும் போட்டேன். இதை எழுதச் சொல்லி ஆசிரியர் கேட்கவில்லை. நானே கேட்டு வாங்கிய பக்கம் இது.

கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைப் புரட்ட நினைக்கும் அன்பர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பட்டா, பத்திரம், பாகப்பிரிவினை என்று ஊரில் அலைந்தவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை.

நம் பழைய இதழ்களையெல்லாம் ஸ்கேன் செய்து வைக்கும் வேலை 2022-ல் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தது உறுப்பினர் ஒருவரின் மகன், பாலிடெக்னிக் மாணவன். நானும் டிப்ளமோக்காரன் ஆனதால் அவனிடம் எனக்குக் கொஞ்சம் ஒட்டுதல். கம்ப்யூட்டரில் ‘சங்கம்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘பழைய இதழ்கள்’, ‘உறுப்பினர்’, ‘உதவி நிதி’ என்று மூன்று. செயலாளர், பொருளாளர், நூலகத்தைக் கவனிக்கும் அம்மையார், அந்தப் பையன், நான் என ஐந்து பேருக்கும் தனித்தனிப் பெயரும் பாஸ்வேர்டும். ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஒன்று. ‘உதவி நிதி’ ஃபோல்டரைச் செயலாளரும் பொருளாளரும் மட்டுமே திறக்கலாம். இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்துகொடுத்தவன் நான்தான்.

விண்டோஸில் இது சுலபம். மேல் ஃபோல்டரில் யார் யாருக்கு என்ன அனுமதி என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அதற்குள் புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு ஃபைலும் அந்த அனுமதிகளைத் தானாகப் பெற்றுக்கொள்ளும். இதைப் பூர்வீகச் சொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபைலுக்கு மட்டும் தனியாக நாம் கொடுப்பது சுயார்ஜிதம். இரண்டும் முரண்பட்டால் சுயார்ஜிதத்தின் பேச்சுத்தான் முதலில் எடுபடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் விண்டோஸ் மேலே போய்த் தாத்தாவின் பத்திரத்தைப் பார்ப்பதில்லை. ஃபைல் பிறக்கும்போதே பத்திரத்தின் நகல் ஒன்று, ‘இது பூர்வீகம்’ என்ற முத்திரையோடு, ஃபைலோடு சேர்த்து எழுதப்பட்டுவிடுகிறது. பின்னால் மேல் ஃபோல்டரில் நாம் எதையாவது மாற்றினால் அப்போது எல்லா நகல்களையும் விண்டோஸ் திருத்திக்கொண்டு வரும். 1993-ல் விண்டோஸ் என்.டி.யோடு வந்த கோப்பு முறையில் தொடங்கி, விண்டோஸ் 2000-ல் இந்தத் தானியங்கித் திருத்தமும் சேர்ந்து, இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. இந்த நகல் விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

இனி யூனிக்ஸ். 1969-ல் அமெரிக்காவில் பெல் லாப்ஸில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கியது. அங்கே ஒரு ஃபைலுக்கு மூன்றே வகை ஆட்கள்: உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. ஆகவே 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம்; குழுவும் மற்றவர்களும் படிக்க மட்டும். 600 என்றால் உரிமையாளரைத் தவிர வேறு யாரும் கிட்டே வரக்கூடாது. 777 என்றால் சத்திரம். கையடக்கமான கணக்கு. பணி ஓய்வுக்குப் பிறகு மகளுடைய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் கற்றுக்கொண்டபோது இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

யூனிக்ஸில் பூர்வீகம் பெரும்பாலும் கிடையாது. புது ஃபைல் எந்த ஃபோல்டரில் பிறக்கிறது என்பதைப் பொறுத்து அதன் எண் அமைவதில்லை. அதை உண்டாக்கும் புரோகிராம் ஒரு எண்ணைக் கேட்கும். நம் கணக்கில் பொதுவாக உள்ள ஒரு கழிவு அதிலிருந்து போகும். மீதி நிற்பதுதான் அனுமதி. ரயில்வே பாஷையில் சொன்னால், விண்டோஸ் முறை ஸ்டேஷன் ஒர்க்கிங் ரூல்ஸ் மாதிரி. எந்த ஸ்டேஷனில் வேலைக்கு வந்தாலும் அந்த ஸ்டேஷன் விதிதான் உங்களுக்கு. யூனிக்ஸ் முறை சட்டைப்பையில் இருக்கும் பாஸ் மாதிரி. எங்கே போனாலும் கூடவே வரும்.

இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் கலந்ததுதான் நான் செய்த காரியம். விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகளை ஓட்ட சிக்வின் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது, இலவசம். 1995-ல் சிக்னஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியில் தொடங்கியது. யூனிக்ஸ் கேட்கும் மூன்று இலக்க எண்ணை விண்டோஸ் அனுமதிப் பட்டியலாக அது மொழிபெயர்த்து ஃபைலில் எழுதிவிடும். மொழிபெயர்ப்பு நாணயமானது. 600 என்று கேட்டால் 600-க்கு உரியதைத்தான் எழுதும். பக்கத்தில் பூர்வீகமாக வந்திருக்க வேண்டிய செயலாளர், நூலக அம்மையார் பெயர்களைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

2023 துர்கா பூஜை விடுமுறையில், ஸ்கேன் செய்த பக்கங்களின் ஓரத்துக் கறுப்பை வெட்டி எடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தற்காலிக ஃபைல், வெட்டிய படம் அதில், பிறகு அதை நகர்த்திப் பழைய ஃபைலின் இடத்தில் வைப்பது. மூன்றே வரி. ஆயிரத்துச் சொச்சம் பக்கம் விடிவதற்குள் முடிந்தது. பத்துப் பக்கம் திறந்து பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. திருப்தியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

விடுமுறை முடிந்து நூலக அம்மையார் போன் செய்தார். “அண்ணா, பழைய இதழ் ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. உங்களுக்கு அனுமதி இல்லைன்னு சொல்லுது.” நான் போய் என் பெயரில் நுழைந்து பார்த்தேன். எல்லாம் திறந்தது. அவர் பெயரில் திறக்கவில்லை. செயலாளர் பெயரிலும் திறக்கவில்லை. “கடைசியா இதில் உட்கார்ந்து வேலை பார்த்தது யார் ஸார்?” என்றார் செயலாளர். பையன் என்றேன். ஓரம் வெட்டிய இரவை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. படங்களின் ஓரத்தைத் தொட்டேனே தவிர, அனுமதியை எங்கே தொட்டேன் என்ற நினைப்பு. அதற்கு முந்தைய வாரம் ஸ்கேனர் ரிப்பேர் விஷயமாக அவனுக்கும் செயலாளருக்கும் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்திருந்தது. அது போதாதா? கமிட்டியில் பேச்சு வந்தபோது, “விஷயம் தெரிந்தவன்தான் செய்திருக்க முடியும்” என்று சொன்னது நான். அவன் பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. அடுத்த ஞாயிறு முதல் அவன் வரவில்லை.

பொங்கல் மலருக்குப் பழைய பக்கங்கள் வேண்டும் என்று அவசரம். காரணம் தேடாமல் நான் செய்த அடுத்த காரியம் இதைவிட மோசம். சிக்வினை நிர்வாகி உரிமையோடு திறந்து, ‘சங்கம்’ ஃபோல்டர் முழுவதற்கும், உள்ளே இருப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து, 777 என்று ஒரே கட்டளை கொடுத்தேன். எல்லாம் திறந்தது. செயலாளர் கைதட்டினார். சிக்னல் விழவில்லை என்றால் இன்டர்லாக்கிங்கையே கழற்றிவிடுகிற வேலை இது. எந்த மெயின்டெய்னராவது செய்திருந்தால் நானே சார்ஜ் ஷீட் கொடுத்திருப்பேன்.

எட்டாம் நாள் அம்மையார் மறுபடி கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, கதைப் படம் தேடிப் போய், ‘உதவி நிதி’ ஃபோல்டரில் ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாளாம். மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டு நம்மில் ஒரு குடும்பம் எழுதியது. அந்தக் குடும்பத்தின் பிள்ளை இவளுடைய சிநேகிதி. யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பொருளாளரும் நானும் நேரில் போய் நடந்ததைச் சொன்னோம். அந்த வீட்டுப் பெரியவர், “போகட்டும் விடுங்க” என்றார். அதற்குமேல் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காபி மட்டும் வந்தது.

அன்று ராத்திரிதான் முறைப்படி உட்கார்ந்தேன். ஃபால்ட் எங்கே என்று தெரிய வேண்டுமானால் பெஞ்சில் வைத்து மறுபடி உண்டாக்கிப் பார்க்க வேண்டும். வீட்டு லேப்டாப்பில் ஒரு ஃபோல்டர், அதில் ஒரு சாதாரண ஃபைல். விண்டோஸின் சொந்தக் கட்டளை ஒன்று இருக்கிறது: ஐகேக்ல்ஸ். ஃபைல் பெயரைக் கொடுத்தால் யார் யாருக்கு என்ன அனுமதி என்று பட்டியல் போடும். பூர்வீகமாக வந்த ஒவ்வொரு வரியிலும் ஆங்கில ‘ஐ’ எழுத்து அடைப்புக்குறிக்குள் நிற்கும். என் சோதனை ஃபைலில் எல்லா வரியிலும் ‘ஐ’ இருந்தது. என் மூன்று வரி ஸ்கிரிப்டை அதன்மேல் ஓட்டினேன். மறுபடி பட்டியல். ஒரு ‘ஐ’ கூட இல்லை. படிக்கவும் எழுதவும் என் பெயர் மட்டும். ‘எல்லோரும்’ என்ற வரியும் இருந்தது. ஆனால் ஃபைலின் மேல்விவரங்களைப் பார்க்க மட்டும், உள்ளே படிக்க இல்லை. அதாவது 600.

குற்றவாளி தற்காலிக ஃபைல். அதை உண்டாக்கும் யூனிக்ஸ் கருவி வேண்டுமென்றே 600 கேட்கிறது. பலர் ஒரே கம்ப்யூட்டரில் வேலை செய்யும் இடத்தில் தற்காலிக ஃபைலை அடுத்தவர் எட்டிப் பார்க்கக் கூடாது அல்லவா? நல்ல எண்ணம்தான். பிறகு நான் அதை நகர்த்தினேன். நகர்த்தும்போது ஃபைல் தன் பாஸைக் கையோடு கொண்டுவந்துவிட்டது. பழைய ஃபைல், அதன் பூர்வீக நகலோடு, அழிந்தே போயிற்று. ஒரு தடவை இல்லை, ஆயிரத்துச் சொச்சம் தடவை. என் பெயரில் சோதித்த வரைக்கும் எனக்கு எல்லாம் திறக்கும். திறக்காமல் என்ன செய்யும்? ரயில்வேயில் சிக்னல் கியரைப் பிரித்து மாட்டினால் ஸ்டேஷன் மாஸ்டரோடு சேர்ந்து சோதித்துத்தான் ஒப்படைப்போம். நானே வேலை செய்து நானே பாஸ் போட்ட ஒரே வேலை இதுதான்.

சரிசெய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் வாசகர்களில் அலுவலகத்திலும் கடையிலும் இப்படி யூனிக்ஸ் கருவிகளை விண்டோஸில் ஓட்டுகிறவர்கள் சிலராவது இருப்பார்கள். ஐகேக்ல்ஸிலேயே ‘ரீசெட்’ என்று ஒரு வழி உண்டு. சுயார்ஜிதத்தையெல்லாம் துடைத்துவிட்டு, மேல் ஃபோல்டரின் பூர்வீகத்தை மறுபடி எழுதும். கூடவே ‘டி’ என்று சேர்த்தால் உள்ளே இருப்பது அத்தனைக்கும். ஆனால் இதுவும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற சாமான் இல்லை. உதவி நிதி போல வேண்டுமென்றே தனியாக வைத்த ஃபோல்டரும் இதில் பொதுவாகிவிடும். ‘சங்கம்’ என்ற மேல் ஃபோல்டரின் மீதே ஓட்டினால் அது டிரைவின் வேரிலிருந்து அனுமதி வாங்கும். அங்கே சாதாரணமாக, பாஸ்வேர்டோடு நுழைகிற எல்லோருக்குமே எழுதும் உரிமை வரை இருக்கும். ஆகவே பொருளாளரையும் செயலாளரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, முதலில் மேல் ஃபோல்டரின் பட்டியலைக் கையால் சரிசெய்தேன். இரண்டாவது உதவி நிதி. பூர்வீகத் தொடர்பை அறுத்து இரண்டே பெயர், உள்ளே இருந்த கடிதங்களும் அந்த இரண்டு பெயரை மட்டும் பெறும்படி. அதன் பிறகே மற்ற இரண்டு ஃபோல்டர்களிலும் ‘ரீசெட்’. ஐகேக்ல்ஸில் ‘ஸேவ்’ என்றும் உண்டு. இருக்கிற அனுமதிகளை ஒரு ஃபைலில் எழுதி வைத்து, தேவைப்பட்டால் ‘ரெஸ்டோர்’ மூலம் திருப்பலாம். 777 போடுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியைத் தட்டியிருந்தால் எங்கள் மூவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

இனி வராமல் இருக்க: சிக்வினில் எந்த டிரைவை எப்படிப் பார்ப்பது என்று எழுதிவைக்கும் ஃபைல் ஒன்று உண்டு, எஃப்எஸ்டேப் என்று பெயர். அதில் விண்டோஸ் டிரைவுகளுக்கான வரியில் ‘நோஏசிஎல்’ என்ற சொல்லைச் சேர்த்தால், அனுமதி விவகாரத்தில் சிக்வின் தலையிடாது. புது ஃபைல்கள் விண்டோஸ் வழக்கப்படி ஃபோல்டரிலிருந்து பூர்வீகம் பெறும். சிக்வின் ஜன்னல்களையெல்லாம் மூடித் திறந்த பிறகுதான் இது அமலுக்கு வரும். ஏற்கனவே கெட்டுப்போன ஃபைல்களை இது சரிசெய்யாது. இதற்குக் கொடுக்கும் விலை, அந்த டிரைவில் 644, 755 என்று எண் போட்டு மாற்றும் கட்டளை பெரும்பாலும் உபயோகமற்றுப் போகும். எழுதும் உரிமையை எடுத்தால் ‘படிக்க மட்டும்’ என்ற குறி விழும், அவ்வளவே. நம் சங்கத்துக்கு அது போதும். சிக்வினின் சொந்த வீட்டு ஃபோல்டரைப் பழையபடியே விட்டுவைத்தேன்.

கிட் பாஷ் என்ற கருவியை வைத்திருப்பவர்களுக்கு ‘நோஏசிஎல்’ ஏற்கனவே போட்டே வருகிறது. 2016-ல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியை மைக்ரோஸாஃப்ட் கொண்டுவந்தது. அதில் விண்டோஸ் டிரைவிலுள்ள ஃபைலுக்கு 777 போட்டாலும் விண்டோஸ் மறுத்திருந்தால் மறுத்ததுதான். என்னைப் போன்றவர்களுக்கு நல்ல கடிவாளம்.

‘நோஏசிஎல்’ போட்டும் ஒரு ஓட்டை பாக்கி. ஒரே டிரைவுக்குள் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால், யூனிக்ஸ் கருவியே இல்லாமல்கூட, ஃபைல் தன் பழைய அனுமதிகளோடுதான் போகும். நகலெடுத்தால்தான் புது இடத்தின் பூர்வீகம். ஆகவே ஸ்கிரிப்டிலும் ஒரு வரியை மாற்றினேன். தற்காலிக ஃபைலை நகர்த்துவதற்குப் பதில், அதன் உள்ளடக்கத்தைப் பழைய ஃபைலுக்குள்ளேயே கொட்டுவது. ஃபைல் அதேதான், பத்திரமும் அதேதான், உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் புதிது.

இன்னொன்று. சிக்வின் எழுதிய ஃபைலின் பாதுகாப்புப் பக்கத்தை விண்டோஸில் திறந்தால், சில சமயம் ‘அனுமதிகளின் வரிசை தவறு’ என்று சொல்லி, மாற்றட்டுமா என்று கேட்கும். யூனிக்ஸின் கணக்கைச் சொல்ல அந்த வரிசை வேண்டியிருக்கிறது. விண்டோஸுக்கோ மறுப்பெல்லாம் முதலில் வர வேண்டும். பதறி ‘சரி’ என்று அழுத்தாதீர்கள். அர்த்தமே மாறிவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் என் பெயரில் நான் எதையும் திறந்து பார்க்கவில்லை. அம்மையார் தம் பெயரில் திறந்து, ஒரு வரி எழுதி, அழித்துக் காட்டினார். செயலாளர் திறந்தார். பிள்ளைகளின் பெயரில் உதவி நிதியைத் திறக்க முயன்றோம், திறக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டோம்.

பையன் வீட்டுக்குப் போனது மறுநாள் மாலை. மாடிப்படி ஏறும்போதே என்ன சொல்வதென்று நாலு விதமாக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவன் அம்மா, “வாங்கண்ணா, உள்ள வாங்க” என்றார், வழக்கமான குரலில். அதுவே கஷ்டமாக இருந்தது. அவன் வந்து எதிரே உட்கார்ந்தான். பூட்டியது நான்தான், கமிட்டியில் அப்படிப் பேசியதும் நான்தான், அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்கு அப்பவே தெரியும் அங்கிள்” என்றான். “ஃபைல் எல்லாத்துக்கும் ஓனர்னு உங்க பேர்தான் இருந்துச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

ஓனர் யார் என்று பார்க்க ஒரு நிமிஷம் ஆகும். இரண்டு மாதமாக நான் பார்க்கவில்லை.

கூட்டத்தில் சொன்னேன். நடவடிக்கைக் குறிப்பிலும் பதிவாகியிருக்கிறது. அவன் பொங்கல் கழிந்து இரண்டு வாரம் வரவில்லை, பிறகு வந்தான். இப்போது கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு ரிஜிஸ்டர் கட்டித் தொங்குகிறது. அனுமதியைத் தொடும் எந்த வேலைக்கும் இருவர் கையெழுத்து. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஸ்கேன் வேலையில் கையெழுத்துப் பிரதியாக வந்த ஆரம்ப கால இதழ்கள் சில மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. வீட்டில் பரணில் வைத்திருக்கும் அன்பர்கள் ஞாயிறு மாலையில் நூலகத்தில் கொடுத்தால், எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே திருப்பித் தந்துவிடுவோம். ரசீது தருவது அந்தப் பையன்தான்.